குடிக்கிறதும் முழுங்குறதும்

எங்கள் லயத்துக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே என் முதுகுக்கு வந்துவிட்டது. இலங்கையில் கித்துல்கலைக்கு மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவே, மண்ணெண்ணெய் விளக்கில் இருந்து பழகிய அந்த லயத்து வரிசை வீடுகளில் 'கரண்டுக்காரி' என்றால் நான்தான். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் விலகி நிற்பதுபோல் பாவனை செய்வார்கள். "தொட்டுறாதீங்கடி, அடிச்சிரும்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு குடத்தை வைப்பேன். அந்தச் சிரிப்பெல்லாம் அப்போதோடு சரி. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துச் சில காலம் ஆகியிருந்தது. துரைமார் மாறினார்கள், பலகையில் எழுத்து மாறியது, எங்களுக்குப் பால்வெட்டு மாறவில்லை. விடிகிற நேரத்தில் மரத்துக்கு மரம் கத்தி வைத்து, சிரட்டையில் வடிந்த பாலைப் பிறகு வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து போக வேண்டும். ஒரு தூறல் நாளில் இரண்டு கையிலும் நிறைந்த வாளியோடு கல்படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. பால் கொட்டினால் அன்றைய 'பேர்' பாதியாகிவிடும். ஒரு நாள் கூலியைத்தான் நாங்கள் பேர் என்போம். பாலைக் காப்பாற்றுவதற்காக உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினேன். பால் ஒரு சொட்டும் கொட்டவில்லை. இடுப்புக்கு மேலே என்னவோ விட்டுப்போனது.

மேலே நின்ற கங்காணி எட்டிப் பார்த்தார்.

"பால் கொட்டிருச்சா?"

"இல்லீங்க."

"அப்ப எந்திரிச்சு வா."

பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. என் முதுகு எப்படி என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. வேலைக்கு வருவாயா, மாட்டாயா, அவ்வளவுதான் கேள்வி.

அந்த வலி எப்படிப்பட்டது என்று சொல்ல எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை. குனிந்தால் குடையும். நிமிர்ந்தால் இழுக்கும். உட்கார்ந்தால் இடது கால் வழியாக ஒரு சூடு பெருவிரல் வரைக்கும் இறங்கும். ராத்திரி திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் எழுந்து புரட்டிவிட வேண்டும். அவரும் பகலெல்லாம் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டிவிட்டு வந்த மனுஷன். சலித்துக்கொள்ளாமல் புரட்டுவார். அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த வைத்தியம்.

மற்ற வைத்தியம் பார்க்கத் தோட்டத்தில் ஒரு மருந்து ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, மெதுவான பேச்சு. அவர் வருவதற்கு முன்னால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்ததெல்லாம் போத்தல் மருந்துதான். வெறும் போத்தலை நாம் கழுவிக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு வெள்ளை என்று ஊற்றிக் கொடுப்பார்கள். இருமினவனுக்கும் சிவப்புதான் என்பது வேறு விஷயம். மருந்து என்றால் எங்களுக்குப் போத்தல். மருந்து என்றால் குடிப்பது.

இவர் வந்த பிறகு குளிசை வந்தது. மாத்திரையை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். கொஞ்ச நாளில் நாங்களும் குளிசை என்றே சொல்லப் பழகிவிட்டோம். அதை டிஸ்பென்சரியில் கொடுப்பதில்லை, விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கொடுப்பார். ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம் அது. ஒரு பக்கம் கங்காணி பேர் கூப்பிடுவார், இன்னொரு பக்கம் ஐயா ஒரு டப்பாவையும் தண்ணீர்க் கோப்பையையும் வைத்துக்கொண்டு நிற்பார். முதுகுவலி, மூட்டுவலி, தோள்வலி என்று வேலைக்கு நிற்கத் தயங்குகிறவர்கள் அவரிடம் போக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார். பகிர்ந்து தின்றுவிடுவோம் என்று பயம். அவர் கண் முன்னாலேயே முழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

"இதைப் போட்டிட்டுப் போ, பிள்ளை. வெயில் ஏற முன்னம் சுகமாயிருக்கும்."

உண்மையைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது. வலி போகவில்லை. பக்கத்துக் காம்பிராவுக்குக் குடிபோனது, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அது இருப்பது தெரியும், ஆனால் கையில் கத்தி ஓடும். வாய் உலர்ந்து போகும். தலை கனக்கும். வயிறு நாள் கணக்கில் இளகாது. அதற்கு வயிற்று மருந்து ஒரு போத்தல் தனியாகக் கொடுத்தார். ஒரு குளிசை கொஞ்ச காலத்தில் இரண்டானது. கண் சொருகிக்கொண்டு வெட்டும்போது பட்டையைத் தாண்டிக் கத்தி மரத்தில் இறங்கிவிடும். அதற்குக் கங்காணியிடம் ஏச்சு. மரத்தில் காயம் பட்டதை மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மருந்து ஐயா கெட்டவரில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஆறியிருப்பேன். பெரட்டில் ஆள் குறையக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு, ஆள் குறையாமல் இருக்க அவர் கையில் குளிசை. அவ்வளவு பேரின் முதுகிலும் ஒருநாளாவது கை வைத்துப் பார்த்தாரா என்று கேட்டால், இல்லை.

ஒரு நாள் குளிசைக்கும் அடங்காமல் மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போனேன். தோட்டத்து லொறியில் போட்டு டவுனிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு சின்ன வயது டாக்டர், சிங்களவர், கட்டை விரலால் என் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் அலறிவிட்டேன். "இங்கேதான்" என்று தலையை ஆட்டினார். என் முதுகைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர். பின்னால் அவர் எனக்குச் செய்ததற்கு அவரை நான் முழுதாகத் திட்டாமல் விட்டுவைத்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கெல்லாம் இந்த மாதிரி தீராத முதுகுவலிக்கு முதுகெலும்புக்குள்ளேயே கம்பி வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று சிங்களத்தில் எனக்கு விளக்கினார். கரண்ட் ஓடும்போது மூளைக்குப் போகிற வலி வழியிலேயே மடங்கிவிடுமாம். "நம்மிடம் அது இல்லை. தோலுக்கு மேலே ஒட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், அதைப் பார்ப்போம். உன் உடம்புக்குப் பிடித்தால் கனம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லித் தோட்டத்துக்கு நானே எழுதுகிறேன்" என்றார்.

கனம் தூக்காத வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்டோரில் காய்ந்த ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை. மேசைக்கு முன்னால் பலகையில் நின்றும் உட்கார்ந்தும் செய்யலாம். வாளி இல்லை, கல்படி இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பெட்டியை முதுகில் மட்டுமல்ல, தலையில் கட்டச் சொன்னாலும் கட்டியிருப்பேன்.

பிறகு டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியிடம் ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னார். கரண்ட் கொடுக்கிற வேலை அந்த மிஸ்ஸியுடையது. சுறுசுறுப்பான பிள்ளை. அவ்வளவு நீளத்தையும் அவர் எனக்கு ஒரே வரியில் சுருக்கித் தந்தார்.

"பெஹெத் பொன்ன எப்பா."

"ஹொந்தய் மிஸ்ஸி" என்றேன், சரி என்று.

சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. எங்கள் தோட்டத்துக்குக் கீழே சிங்கள நாட்டு ஆட்களின் ஊர். அங்கே மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், சண்டையும் போடுவோம். பெஹெத் என்றால் மருந்து. பொன்ன என்றால் குடிக்க. எப்பா என்றால் வேண்டாம். மருந்து குடிக்காதே. மூன்று வார்த்தையும் தெரிந்துதான் வினையாகிப் போனது. ஒன்றாவது தெரியாமல் இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்று மருந்துப் போத்தலை எடுத்து வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னா புள்ள, நல்ல மருந்த ஊத்துற?"

"மருந்து குடிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கரண்ட் பிடிக்காதாம்."

"அப்ப வயித்துக்கு?"

"வயிறு கெடக்கட்டும். முதுகு வந்தா போதும்."

மறுநாள் விடியற்காலை பெரட்டில் வாயைத் திறந்து இரண்டு குளிசையும் முழுங்கினேன். எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. படிக்கிறவர்கள் இவள் என்ன இவ்வளவு மண்டு என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்களுக்குக் குளிசை மருந்தே இல்லை. மருந்து நோய்க்கு. குளிசை வேலைக்கு. கத்தி தீட்டுவது போல, பேர் கூப்பிடுவது போல, அதுவும் பெரட்டுக் களத்தில் நடக்கிற ஒரு காரியம். மருந்தைக் குடிப்போம். குளிசையை முழுங்குவோம். தமிழில் அது அப்படித்தான்.

கரண்டு நாளில் டவுனுக்குப் போக லீவு வேண்டும், லீவுக்கு மருந்து ஐயா சரி சொல்ல வேண்டும். அவரிடம் போனால், "பஸ்ஸில குலுங்கும், பிள்ளை" என்று இன்னும் ஒரு குளிசை சேர்த்துக் கொடுப்பார். அக்கறைதான். அந்த அக்கறையோடு நான் பஸ் ஏறி, தூங்கி வழிந்துகொண்டே போய் இறங்குவேன்.

மிஸ்ஸி என்னைக் குப்புறப் படுக்க வைத்து, ஈரத் துணி மாதிரி இரண்டு பட்டைகளை முதுகில் ஒட்டுவார். அதிலிருந்து வயர் பெட்டிக்குப் போகும். குமிழைத் திருகிக்கொண்டே, "தெனெனவாத?" என்று கேட்பார். தெரிகிறதா என்று.

"நே மிஸ்ஸி."

இன்னும் திருகுவார். எறும்பு ஊர்கிற மாதிரி என்னவோ தூரத்தில் தெரியும். அதுவும் எனக்கா, பக்கத்துக் கட்டிலுக்கா என்று சந்தேகமாக இருக்கும். டாக்டர் வந்து, கரண்ட் வைப்பதற்கு முன் வலி எவ்வளவு என்று கேட்பார். குளிசை பேசுகிற நேரம் அது. கொஞ்சம்தான் என்பேன். வைத்த பிறகு எவ்வளவு என்பார். அதே கொஞ்சம்தான். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுத்திப் பார்த்தபோது அலறியவள் இப்போது கொஞ்சம்தான் என்கிறாள், பெட்டி வைத்தாலும் கொஞ்சம்தான் என்கிறாள்.

"பெஹெத் பிவ்வாத?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். மருந்து குடித்தாயா.

"நே தொஸ்தர மாத்தியா. சாமி சத்தியமா இல்ல."

இப்படியே பல தடவை போய் வந்தேன். கடைசித் தடவை எழுந்து சேலையைச் சரிசெய்யும்போது முந்தானை முடிச்சு அவிழ்ந்து, காகிதத்தில் மடித்த குளிசை தரையில் விழுந்து உருண்டது. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கென்று அன்றைக்கு மட்டும் ஐயா நம்பிக் கையில் கொடுத்தது. மிஸ்ஸி குனிந்து எடுத்தார். டாக்டரிடம் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"பொரு கியன்ன எப்பா" என்றார் என்னிடம். பொய் சொல்லாதே.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன பொய்? யார் சொன்ன பொய்? நான் விளக்கம் கேட்பதற்குள் அவர் மிஸ்ஸியிடம் திரும்பி, இந்த மாதிரி குளிசை உடம்பில் ஊறியிருந்தால் கரண்ட் எங்கே வேலை செய்யும், தன் நேரமெல்லாம் வீண் என்று சிங்களத்திலேயே சொன்னார். பிறகு, "இவங்களுக்கு வைத்தியம் வேண்டாம், வேலை செய்யாமலிருக்க ஒரு துண்டுக் காகிதம்தான் வேண்டும்" என்றார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. மிஸ்ஸி வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். இனி வரவேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பாலைக் கொட்டாமல் முதுகை உடைத்துக்கொண்டவளுக்கு வேலைக்கள்ளி என்று பட்டம். பஸ்ஸில் வரும்போது கண்ணில் தண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது.

கொஞ்ச காலம் கழித்துச் சாமான் தட்டுப்பாடு வந்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, சீனிக்கு வரிசை. ஒரு காலையில் மருந்து ஐயா டப்பா இல்லாமல் பெரட்டுக்கு வந்தார்.

"மருந்து முடிஞ்சுது, பிள்ளை. கொழும்பிலயும் இல்லையாம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முந்தின நாள்தான் டிஸ்பென்சரி அலுமாரியில் சிவப்பும் வெள்ளையும் வரிசையாக நின்றதைப் பார்த்திருந்தேன்.

"அந்தா போத்தல் போத்தலா இருக்குதுங்களே ஐயா."

"அதைச் சொல்லேல்லை. குளிசை முடிஞ்சுது எண்டு சொல்லுறன். குளிசையும் மருந்துதானே."

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கங்காணி என் பேரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. குளிசையும் மருந்துதானே. இவர் வாயிலிருந்து இந்த இரண்டு வார்த்தை முன்பே வந்திருக்கக் கூடாதா? மிஸ்ஸி வாயிலிருந்து 'பெத்தி' என்று ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்திருக்கக் கூடாதா? குளிசைக்குச் சிங்களத்தில் தனி வார்த்தை இருக்கிறதே. டாக்டர் அவ்வளவு நீளமாகச் சொன்னதை முழுதாக என்னிடம் சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்? படித்தவர்கள் மூன்று பேர், மூன்று மொழி, என் ஒரு முதுகு.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எதிரிக்கும் சொல்லமாட்டேன். மூக்கில் தண்ணீர் ஒழுகியது, வயிறு கலங்கிக் கொட்டியது, வேர்த்து வேர்த்துக் குளிர்ந்தது. பூட்டி வைத்திருந்த வலியெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டு வந்தது. மருந்து ஐயா தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றார். சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். குளிசையை நிறுத்தினால் உடம்பு இப்படி ஆடும் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஆட்டம் அடங்கியதும், லீவு கேட்காமல் டவுனுக்குப் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போனேன். உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இல்லை. திரும்பவும் வெளிநாட்டுக்கே போய்விட்டாராம். மிஸ்ஸி மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. நான் வாசலிலேயே நின்று, எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையையும் கொட்டினேன்.

நீங்கள் குடிக்காதே என்றீர்கள். குடிக்கவில்லை. போத்தலைக் கானில் ஊற்றினேன். குளிசையை எங்கள் ஆட்கள் யாரும் குடிப்பதில்லை, முழுங்குவார்கள். அதை நான் மருந்து என்றே நினைத்ததில்லை. நான் பொய் சொல்லவில்லை. நான் வேலைக்கள்ளியும் இல்லை.

மிஸ்ஸி மெதுவாக, "நாங்கள் பெத்தியையும் குடிப்பது என்றுதான் சொல்வோம்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். கட்டிலைக் காட்டினார்.

பட்டைகளை ஒட்டிக் குமிழைத் திருகியதும் சுருக்கென்றது. இன்னும் திருகினார். தோலுக்கு உள்ளே குறுகுறுவென்று ஒரு ஓட்டம் பரவி, அந்த வலிக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தது.

"தெனெனவாத?"

"தெனெனவா மிஸ்ஸி" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

பெட்டி ஓடிய அந்தக் கொஞ்ச நேரமும், எழுந்து வெளி வாசல் வரை நடந்த நேரமும், எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. தலை கனக்கவில்லை. வாய் உலரவில்லை. விழித்துக்கொண்டே வலியில்லாமல் இருந்தேன். குளிசை அதை எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை.

வெளியே வரும்போது மிஸ்ஸி சொன்னார். பெட்டிக்குப் போடுகிற பேட்டரி இனி இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வருவதாகத் தெரியவில்லை. தோட்டத்துக்கு எழுதவும் அவரால் முடியாது, டாக்டர்தான் எழுத வேண்டும். புதிதாக வருகிற டாக்டருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்குமோ என்னவோ. கையை விரித்தார். பெட்டி திரும்ப அலுமாரிக்குப் போனது. அது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட அன்றைக்கே அது எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு கரண்டு நாளிலும் அந்தக் கட்டிலில் படுத்து, நே, நே, நே என்று நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வரும். அத்தனை நாளும் பேட்டரி இருந்தது. எழுதிக் கொடுக்க டாக்டர் இருந்தார். என் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் ஒரு விடியற்காலையில் மருந்து ஐயா மறுபடியும் டப்பாவோடு பெரட்டுக்கு வந்தார். அவருக்குச் சந்தோஷம்.

"வந்திட்டுது, பிள்ளை. வாயைத் திற."

நான் திறக்கவில்லை.

"இது மருந்தாங்க ஐயா, குளிசையாங்க?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"அத என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர்க் கோப்பையை நீட்டியபடியே நின்றார். அந்தப் பக்கம் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், எனக்கு முன்னால் நின்றவள் வரைக்கும் வந்துவிட்டார். பேர் வேண்டுமே. வாயைத் திறந்து முழுங்கினேன். நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.